குஞ்சம்மா கை வைத்த மீன்

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிற மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் அப்படி ஒருவருக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்தேன். ஆனால் இது அவருடைய கதை இல்லை. அவர் பிடித்த மீனுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்த குஞ்சம்மாவின் கதை. அதே மீனைக் கொன்றவளும் அவள்தான். இரண்டையும் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

என் பெயர் சாமிநாதன். மலாய் நாட்டில் செலண்டார் ஊரிலிருந்து நாலு மைல் உள்ளே, ஆனைக்குட்டை ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. கிராணி என்றால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற வேலைதானே என்று யாராவது நினைத்தால், அவரை என் நாற்காலியில் ஒரு வாரம் உட்காரவைக்க வேண்டும். துரைக்குக் கோபம் வந்தால் அதைக் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்துக்குக் கொண்டுபோவதும், லயத்துக்குக் கோபம் வந்தால் அதைப் பாதியாகக் குறைத்துத் துரையிடம் கொண்டுபோவதும் என் தலையில்தான் விழும். எனக்கே கோபம் வந்தால் கேட்க நாதியில்லை. வீட்டில் பெண்சாதி ஜானகியிடம் காட்டலாம் என்றால் அவளுக்கு என்னைவிடக் கோபம் அதிகம்.

குஞ்சம்மா முசிறிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் புருஷனோடு கப்பலேறி வந்தவள். புருஷன் மலேரியாவில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி கிடையாது. ஸ்டோரில் ரப்பர் பாலை உறையவைத்து, மெஷினில் கொடுத்துச் சீட்டாக உருட்டுகிற வேலையில் இருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் ஒருநாள் சீட்டோடு அவள் வலது கையும் மெஷினுக்குள் போய்விட்டது. நடுவிரல் அடியோடு போயிற்று. அதற்குப் பிறகு வெளிக்காட்டில் புல்வெட்டு வேலைதான்.

அந்தக் கையை அவள் யாருக்கும் காட்டமாட்டாள். எப்போதும் முந்தானைக்குள் இருக்கும். வேலைக்காட்டில் கஞ்சி குடிக்கும்போதுகூட மரத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். வாய்க்கு மட்டும் முந்தானை ஏதும் கிடையாது. காலையில் முதல் லயத்தில் அவள் பேச ஆரம்பித்தால் கடைசி லயத்தில் கோழி எழுந்துவிடும்.

மீன் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கை முந்தானையை விட்டு வெளியே வரும். மஸ்ஜித் தானா என்கிற ஊரிலிருந்து மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளில் உயிர் விரால் கொண்டுவருவார். வாங்கின பெண்கள் எல்லாரும் மீனைத் தூக்கிக்கொண்டு நேரே குஞ்சம்மா வீட்டு வாசலுக்குத்தான் போவார்கள். வழுக்கி வழுக்கி ஓடுகிற விராலை நம்மால் பிடிக்க முடியுமா? அவள் அடுப்புச் சாம்பலை இரண்டு கையிலும் அள்ளித் தேய்த்துக்கொள்வாள். ஒரே பிடிதான். விரால் அவள் கையில் பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடும்.

"சாம்பல் இருந்தா சாமியையே புடிச்சிடலாம்" என்பாள்.

முப்பத்தொன்றாம் வருஷம் பிப்ரவரியில் எங்கள் துரை சீமைக்கு லீவில் போய்த் திரும்பி வந்தார். போகும்போது நல்லாத்தான் இருந்தார். வரும்போது ஒரு நீளப் பெட்டி நிறையத் தூண்டில் கழியும், மண்டை நிறைய ஒரு புது யோசனையும் கொண்டுவந்தார். எங்கள் ஸ்டோருக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஓடையை மறித்துக் கட்டின குளம் ஒன்று உண்டு. அதில் சபராவ் மீன் உண்டு. வெள்ளிச் செதில், நடு உடம்பில் கறுப்பாக ஒரு பட்டை, தூண்டிலில் மாட்டினால் கழியையே பிடுங்கிக்கொண்டு போகிற வேகம். துரை ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைப் பிடிப்பார், நிறுப்பார், படம் எடுப்பார், பிறகு தண்ணீரில் விட்டுவிடுவார்.

"ஏன் துரை?" என்று கேட்டேன்.

துரைக்குத் தமிழ் வரும். லயத்துத் தமிழ். "கிராணி, இன்னிக்கி சாப்பிட்டா மீன் போச்சு. வுட்டா பெரிசு ஆவும். வர்ற வருசம் திரும்பிப் புடிக்கிறது."

லயம் இதை நம்பவே இல்லை. சாப்பிடாத மீனை எவனாவது வெயிலில் நின்று பிடிப்பானா? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் குஞ்சம்மா சொன்னதுதான் நிலைத்தது. "தொரைக்குக் கல்யாணமாயி எட்டு வருசம். மடியில ஒண்ணும் இல்ல. இது வேண்டுதல்லா. உசுரு ஒண்ணை வுட்டா உசுரு ஒண்ணு வரும்."

அதற்குப் பிறகு துரை தூண்டிலோடு போகும்போது பெண்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டே போனார்.

துரை பிடிக்கிற மீன் நிறுக்கும்போது கைநழுவிப் பலகையில் விழுந்து துள்ளியது. ஒன்று அவர் படம் எடுக்குமுன் குளத்துக்குள் குதித்தே போய்விட்டது. மே மாதக் கடைசியில், நல்லாக் கெட்டியாகப் பிடிக்கிற ஆள் ஒருவர் வேண்டும் என்றார். யார் பெயரைச் சொன்னேன் தெரியுமா? குஞ்சம்மா பெயரை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

குஞ்சம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. துரையின் வேண்டுதலில் தனக்கும் ஒரு வேலை! ஞாயிற்றுக்கிழமை குளித்து, ஈரத்தலையோடு, ரப்பர் சீட்டைக் காயவைக்கிற புகைக்கொட்டகையிலிருந்து ஒரு டின் நிறையச் சலித்த சாம்பல் கொண்டுவருவாள். ரப்பர் விறகுச் சாம்பல், மாவு மாதிரி இருக்கும். இரண்டு கையிலும் பூசிக்கொண்டு மீனை இறுக்கிப் பிடிப்பாள். துரை நிறுப்பார், முழம் போட்டுப் பார்ப்பார், கேமராவைத் திருகுவார், மேகம் விலகக் காத்திருப்பார். அவ்வளவு நேரமும் மீன் அவள் கையில் அசையாது. பிறகு அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் தண்ணீரில் விடுவாள். அது சரசரவென்று போய்விடும். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஜூன் மாதம் மீன் செத்து மிதக்க ஆரம்பித்தது.

முதல் வாரம் இரண்டு. அடுத்த வாரம் மூன்று. எல்லாம் வியாழன் வெள்ளி வாக்கில், எல்லாம் பெரிய சபராவ். மூன்றாம் வாரம் நாலு மிதந்தபோது துரையின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் இருநூறு பேரும் வரிசையாக நிற்கும்போது அவர் கத்தினார்.

"எவன் தூபா போட்டான்?"

தூபா என்பது ஒரு கொடி. அதன் வேரை நசுக்கித் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கி மேலே வரும், வாரிக்கொள்ளலாம். மலாய்க்காரர் கிராமமான கம்போங்கில் பழைய வழக்கம், தோட்டத்தில் தடை.  அப்போதுதான் குஞ்சம்மா வாயைத் திறந்தாள்.

"மாயாண்டி வூட்டுக்குப் பின்னால கொடியே வளத்து வெச்சிருக்கான் தொரை. போயிப் பாருங்க."

மாயாண்டி பால்வெட்டு ஆள். வாய் செத்தவன். அவன் ஆடு முந்தின வாரம்தான் குஞ்சம்மாவின் கீரைப்பாத்தியை மொட்டை அடித்திருந்தது. அந்த ஆத்திரம் அவளுக்கு. மாயாண்டி தூபா வளர்த்தது உண்மைதான். ஆட்டுக்கு உண்ணி வந்தால் அந்த வேரை அரைத்துத்தான் தேய்ப்பான்.

"நான் போடல தொரை. தூபா போட்டா மொதல்ல குஞ்சு குளுவான்தானே சாவும்? ஒரு குஞ்சு செத்துதா?" என்றான் மாயாண்டி. என்னைப் பார்த்துத்தான் சொன்னான். தன் பேச்சு துரைக்குப் புரியாதோ என்ற பயம்.

அதை நான் எடுத்துச் சொன்னேனா? இல்லை. துரையின் முகம் இருந்த இருப்பில் இன்னொரு வார்த்தை சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வருஷம் ரப்பர் விலை சரிந்து கிடந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலும் அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை எட்டுக் குடும்பத்தை லோரியில் ஏற்றித் தம்பின் ஸ்டேஷன் ரயிலுக்கு அனுப்புவதாக இருந்தது. துரை ஆபீசுக்கு வந்து, "ஒம்பது எழுது" என்றார். எழுதினேன். மாயாண்டி, பெண்சாதி ராஜம்மா, பிள்ளைகள் நாலு. நாலும் இங்கே பிறந்தவை. மாயாண்டிக்கே ஊரில் அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இல்லை. இருந்த துண்டு நிலமும் எப்போதோ போய்விட்டது. அங்கே இறங்கி எந்த வாசலில் போய் நிற்பார்கள்?

ராஜம்மா ஆபீஸ் வாசலில் வந்து அழுதாள். "பச்சப்புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க சாமி போவேன்?" நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடியும் மூன்று மீன் மிதந்தது. விஷ மீனை யாரும் தின்றுவிடக் கூடாது, பங்களா தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்பது துரையின் உத்தரவு. குஞ்சம்மா கூடையில் எடுத்து வந்தாள். நான் மேற்பார்வை. நல்ல வெயில்.

"பாவி, எப்படி இருந்த மீனு. அவன் கையி வெளங்குமா?" என்று மாயாண்டியைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போட்டாள். மூன்றாவது மீனை எடுத்தவள் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பேச்சு நின்றுபோயிற்று. குஞ்சம்மா பேச்சை நிறுத்தினால் எனக்குப் பயம் வந்துவிடும்.

"என்ன?"

"கிராணி ஐயா, இங்க வாங்களேன்."

மீனின் விலாவில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது மாதிரி பூசணம் பிடித்திருந்தது. அதிலென்ன, செத்த மீன்தானே என்றேன். அவள் பதில் சொல்லாமல் முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து அந்தப் பூசணத்தின் மேல் வைத்தாள். ஒருபக்கம் கட்டைவிரல் தடம். மறுபக்கம் ஆள்காட்டி விரல், பிறகு ஒரு விரல் இடம் சுத்தமாக, அதற்குப் பிறகு இரண்டு விரல். அச்சு அசலாக அவள் கை.

குழியிலிருந்த மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தோம். ஒன்றில் தடம் குழம்பிக் கிடந்தது. இன்னொன்றில் மறுபடி அதே கை.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "சாம்பலு ஐயா. மீனு மேல ஒரு வழுவழுப்பு இருக்கும்ல, அதான் அதுக்குச் சட்டை. கொழம்பு மீன்னா பரவால்ல, உரிச்சிடலாம். உசுரோட வுடுற மீனுக்கு நான் சட்டையை உரிச்சி வுட்டுருக்கேன். என் கையாலயே கொன்னுட்டு அந்தப் புள்ளகுட்டிக்காரன் மேல பழியைப் போட்டுட்டேனே. நான் நல்லா இருப்பேனா?"

இப்படிச் சொல்லிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டாள்.  அப்போதும் என் கிராணி புத்தி போகுமா? சொன்னேன்: "இதைத் துரையிடம் சொன்னால் மாயாண்டி பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதச் சொல்வார். தெரியும்தானே?"

"எழுதுங்க" என்றாள்.

நேரே பங்களாவுக்குப் போனோம். துரை நம்பவில்லை. செத்த மீனில் பூசணம் வருவது சகஜம், கை மாதிரி தெரிவது உங்கள் கற்பனை என்றார். அவரும் அந்தச் சாம்பலை வாராவாரம் பார்த்து நல்ல பிடி நல்ல பிடி என்று பாராட்டினவர்தானே! தன் பங்கை ஒத்துக்கொள்வது யாருக்குத்தான் எளிது? ஆனால் குஞ்சம்மா விடவில்லை.

"தொரை, நாளான்னைக்கி ஞாயித்துக்கெழமை ரெண்டு மீனு புடிங்க. ஒண்ணை எப்பவும்போல சாம்பல் போட்டுப் புடிக்கிறேன். இன்னொண்ணை ஈரக்கையால, தண்ணியை வுட்டு வெளிய எடுக்காம கொக்கியைக் கழட்டுறேன். ஸ்டோர் பின்னால ரெண்டு தொட்டி சும்மாதானே கெடக்கு? ஆளுக்கொரு தொட்டியில வுட்டுப் பூட்டுங்க. சாவி நீங்களே வெச்சிக்குங்க. எந்த மீனுக்கு நோவு வருதுன்னு பாப்போம்."

துரை யோசித்தார். மீன் விஷயம் என்பதால் யோசித்தார், மனிதர் விஷயமாக இருந்தால் யோசித்திருக்கமாட்டார் என்று எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. "சனிக்கிழமை லோரி வரும். அது வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு சபராவ் கிடைத்தது. சொன்னபடியே செய்தார்கள். சாம்பல் மீன் வலது தொட்டியில், ஈரக்கை மீன் இடது தொட்டியில். மேலே கம்பி வலை போட்டுப் பூட்டு.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. இரண்டு மீனும் வாலை ஆட்டிக்கொண்டு சொகுசாக இருந்தன. புதன்கிழமை சாம்பல் மீன் மற்றதைவிட அதிகமாகவே தின்றது. வியாழக்கிழமை துரை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ராஜம்மா பானை சட்டியைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். ஆட்டைப் பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர்களிடம் கொடுத்தாகிவிட்டது.

குஞ்சம்மா வேலைக்காட்டிலிருந்து வந்ததும் தொட்டியடியிலேயே பழியாகக் கிடந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஸ்டோருக்குப் போகையில் அவள் வலைக்குள் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"இவ்வளவு நாளும் பட்டு பட்டுன்னு செத்தீங்களே, இப்ப மட்டும் என்னடி கொழுப்பு? ஒரு புள்ளி காட்டேன். ஒரு வெள்ளைப் புள்ளி. நாலு புள்ளைங்க கப்பல்ல போவுதுங்கடி. நோவு வந்து தொலையேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஐயோ, செத்துடாதடி" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இருமிக்கொண்டே திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை லோரி விடிவதற்குள் வந்து நின்றுவிட்டது. ஒன்பது குடும்பமும் பெட்டி படுக்கையோடு களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. நான் பெயர் வாசிக்க ஆரம்பித்தேன். ஆறாவது பெயர் வாசிக்கும்போது ஸ்டோர் பக்கமிருந்து குஞ்சம்மா ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"வந்துடுச்சி! தொரை, வந்துடுச்சி! வந்து பாருங்க!"

துரை போனார். நான் போனேன். யார் சொன்னார்களோ, வரிசை கலைந்து இருநூறு பேரும் பின்னாலேயே வந்தார்கள். கிழக்கே நன்றாக வெளுத்திருந்தது. இடது தொட்டி மீன் சுத்தமாக இருந்தது. வலது தொட்டி மீன் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. விலாவில் லேசாக வெள்ளை படிந்திருந்தது.

துரை குனிந்து பார்த்தார். "வெள்ளை இருக்கு. கை எங்க இருக்கு?"

குஞ்சம்மா திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் இருநூறு பேர். பிறகு முந்தானையை உதறிவிட்டு வலது கையை வெளியே எடுத்தாள். எல்லாருக்கும் தெரியும்படி விரித்தாள். ஐந்து வருஷமாக மீனும் சாம்பலும் மூடாமல் அந்தக் கையை அவள் ஊருக்கு முன்னால் விரித்துக் காட்டினதில்லை. துரை பூட்டைத் திறந்து வலையை எடுத்தார். அவள் கையைத் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு, மீனைத் தொடாமல், அதன் மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்தாள். கட்டைவிரல் அங்கே. ஆள்காட்டி விரல் அங்கே. நடுவில் வெற்றிடம். அங்கே மீனின் உடம்பும் பளிச்சென்று வெள்ளியாக இருந்தது.

"நாந்தான் கொன்னேன்" என்றாள். துரையைப் பார்த்துச் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எல்லா மீனையும் நாந்தான் கொன்னேன். மாயாண்டி ஒண்ணும் பண்ணல. நான் வாய்க்கொழுப்புல சொன்னது. என்னை லோரியில ஏத்துங்க."

துரை வலையை மறுபடி தொட்டி மேல் போட்டார். அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மாயாண்டி, வேலைக்குப் போ" என்றார். அவ்வளவுதான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அரை வார்த்தை? ஊஹூம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மாயாண்டி குடும்பத்தின் பெயரை அடித்தபோது தாள் கிழிந்துவிட்டது. குஞ்சம்மாவின் பெயரை எழுதச் சொல்வார் என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. அவள் போனால் அவருக்கு மீன் பிடித்துக்கொடுக்க யார்?

குஞ்சம்மா ராஜம்மாவிடம் போனாள். "என்னை மன்னிச்சிரு புள்ள" என்று கையைப் பிடிக்கப் போனாள். ராஜம்மா கையை இழுத்துக்கொண்டாள். தகரப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, பிள்ளைகளை முன்னால் விட்டு, திரும்பிப் பார்க்காமல் லயத்துக்கு நடந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லோரி மற்ற எட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டுப் போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாம்பல் மீன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குஞ்சம்மா அதைச் சாகவிடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். நம் புண்ணுக்கு உப்புத்தண்ணீர் வைக்கிறோமே, மீனுக்கு வைத்தால் என்ன என்று அவள் வீட்டு உப்பை எல்லாம் தொட்டியில் கரைத்தாள். மூன்றாம் நாள் அவள் வீட்டு உப்பு தீர்ந்தது. அன்று சாயங்காலம் மாயாண்டி வந்தான். கையில் ஒரு மரக்கால் கல்லுப்பு. ஒன்றும் பேசாமல் தொட்டியோரம் வைத்தான்.

"அக்கா, ஒரேயடியாக் கொட்டாதீங்க. கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். குஞ்சம்மா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

இருபது நாளில் பூசணம் உதிர்ந்தது. மீனைக் குளத்தில் விட்டோம்.

அதற்குப் பிறகு குளக்கரையில் குஞ்சம்மா வைத்ததுதான் சட்டம். சாம்பல் டின்னைத் தூக்கி எறிந்தாள். கொக்கியில் திரும்பி நிற்கிற முள்ளை ஸ்டோர் குறட்டால் நசுக்கினால்தான் தூண்டில் போடலாம் என்றாள். துரை மீன் தப்பிவிடும் என்று முணுமுணுத்தார்.

"தப்புனா தப்பட்டுமே. நீங்கதான் எப்படியும் வுடப் போறீங்களே?" என்றாள். துரை கொக்கியை நீட்டினார்.

நிறுக்க வேண்டுமானால் பழைய சாரோங் கைலியை நனைத்துத் தூளி கட்டி, அதில் மீனைப் படுக்கவைத்துத் தராசில் மாட்ட வேண்டும். செவுளில் விரல் விடக் கூடாது. வெயிலில் காய்ந்த பலகையில் போடக் கூடாது. படம் எடுக்க ஒரு மூச்சு அடக்குகிற நேரம்தான். மேகம் விலகாவிட்டால் மேகத்தோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். விடும்போது தூக்கிப் போடக் கூடாது. ஓடைத் தண்ணீர் வந்து விழுகிற வாய்க்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் நின்று, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகக் காட்டி, அடிவயிற்றில் உள்ளங்கையைக் கொடுத்து நிற்பாள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். கால்மணி நேரமானாலும் நிற்பாள்.

"அதுவாப் போவணும். நாம தள்ளக் கூடாது" என்பாள்.

முந்தானைக்குள் கையை ஒளிக்கிறதெல்லாம் அன்றோடு போயிற்று. இரண்டு கையும் தண்ணீரில் இருந்தால் எதை ஒளிப்பது? முப்பத்திரண்டில் துரைசானிக்குப் பெண்குழந்தை பிறந்தது. லயத்துப் பெண்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன்.

எல்லாம் சரியாயிற்று, ஒன்றைத் தவிர. ராஜம்மா பேசவில்லை. குழாயடியில் குஞ்சம்மா நின்றால் ராஜம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள். பொங்கலுக்குக் குஞ்சம்மா கொடுத்தனுப்பிய கரும்பு வாசலில் கிடந்து காய்ந்தது. மாயாண்டி அக்கா அக்கா என்று குளத்துக்கு வந்து தூளி பிடிப்பான். அவன் பெண்சாதி அந்தப் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். ஐந்து வருஷம்!

"நான் தண்ணியில வுட்டதெல்லாம் பொழைச்சிடுச்சி ஐயா. அவ மனசுல நான் போட்ட காயத்துக்கு எந்த உப்பைப் போடுறது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். நான் என்னத்தைச் சொல்வது? கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடணும் என்றேன்.

முப்பத்தாறாம் வருஷம் துரை ஒரேயடியாக ஊருக்குப் போனார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசியாகத் தூண்டில் போட்டார். காலை ஒன்பது மணி இருக்கும். எதிர்க்கரைக் கல்லில் ராஜம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கழி ஒடிகிற மாதிரி வளைந்தது. துரை அரைமணி நேரம் போராடினார். குஞ்சம்மா தண்ணீரில் இறங்கி, மாயாண்டி பிடித்த ஈரத் தூளிக்குள் மீனை வாங்கினாள். கை நீளத்துக்குச் சபராவ். அவ்வளவு பெரிசு அந்தக் குளத்தில் நாங்கள் கண்டதில்லை.

"அக்கா, இங்க பாருங்க" என்றான் மாயாண்டி.

விலாவில் செதில் ஒரு இடத்தில் கோணல்மாணலாக, கொஞ்சம் கறுத்து முளைத்திருந்தது. ஒருபக்கம் கட்டைவிரல். மறுபக்கம் மூன்று விரல். நடுவில் ஒரு விரல் இடம் வெள்ளியாக.

"அதுதான்! அதுதான்டா! உப்புத் தொட்டி மீனு!" என்று குஞ்சம்மா கத்தின கத்தில் எதிர்க்கரையில் துவைக்கிற சத்தம் நின்றது.

துரை நிறுக்கவில்லை. படமும் எடுக்கவில்லை. தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, "வுடு, குஞ்சம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியைக் கழித்துக்கொண்டேன்.

அவள் மீனோடு ஓடை வாய்க்குப் போய் நின்றாள். மீன் மிகவும் களைத்திருந்தது. சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அவள் ஏந்திக்கொண்டே நின்றாள்.  அப்போது தண்ணீர் சலசலத்தது. பார்த்தால், சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு ராஜம்மா எதிர்க்கரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"பொழைச்சிக்குமா அக்கா?" என்றாள்.

குஞ்சம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. வாய் ஓயாத குஞ்சம்மாவுக்கு!  பிறகு மீனைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திச் சொன்னாள்.

"பொழைச்சிக்கும் தாயி. எனக்குக் கை நோவுது. நீ செத்த நேரம் புடியேன்."

ராஜம்மா துவைத்த சவுக்காரம் போக இரண்டு கையையும் ஓடைத் தண்ணீரில் நன்றாகக் கழுவி நனைத்துக்கொண்டாள். பிறகு குஞ்சம்மாவின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். மீன் அவர்கள் இருவர் கையிலும் வெகுநேரம் இருந்துவிட்டு, அதுவாகவே போயிற்று.